லினக்ஸில் விர்ச்சுவல்பாக்ஸ் அடம்பிடித்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உபுண்டு, மின்ட் என்று ஏதோ ஒரு லினக்ஸுக்கு மாறிவிட்டு, விண்டோஸை மட்டும் முழுதாகக் கைகழுவ முடியாமல் விர்ச்சுவல்பாக்ஸுக்குள் (ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை நிரலாகவே ஓட்டும் மென்பொருள்) வைத்திருப்பவர்கள் எனக்குத் தெரிந்தே நிறையப் பேர். ஒருவருக்குப் பழைய பேஜ்மேக்கர் கோப்புகள், அதுவும் யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களோடு. இன்னொருவருக்கு டாலி. வேறொருவருக்கு டிஜிட்டல் கையொப்பம் போடும் யூஎஸ்பி டோக்கன். மூவருமே ஏதாவது ஒரு நாள் காலையில் போன் போட்டு, "நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடிச்சு" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னதை இங்கே எழுதிவைக்கிறேன். கட்டளைகளின் பெயரை ஒலிக்கும்படியே தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும்.

ஹோஸ்ட், கெஸ்ட் என்று எல்லோரும் சொல்கிறார்களே, எது எது?

உங்கள் கணினியில் நிஜமாக ஓடும் லினக்ஸ் ஹோஸ்ட். அதற்குள் ஒரு சன்னலில் ஓடும் விண்டோஸோ இன்னொரு லினக்ஸோ கெஸ்ட். எந்தக் கோளாறு வந்தாலும் முதலில் கேட்க வேண்டியது, இது எந்தப் பக்கத்துப் பிரச்சினை என்பதுதான். கெஸ்ட் கிளம்பவே மறுத்தால் ஹோஸ்ட் பக்கம் பாருங்கள். கிளம்பிய பிறகு திரை சின்னதாக இருக்கிறது, காப்பி பேஸ்ட் வேலை செய்யவில்லை என்றால் பெரும்பாலும் கெஸ்ட் பக்கம். இதைப் பிரித்துக்கொள்ளாமல் விர்ச்சுவல்பாக்ஸை அழித்துவிட்டு மறுபடி நிறுவுவதில் பலருடைய ஞாயிற்றுக்கிழமைகள் போயிருக்கின்றன.

"கர்னல் டிரைவர் நாட் இன்ஸ்டால்டு" என்று சொல்லி, கீழே மைனஸ் 1908 என்ற எண் வருகிறது. நான் எதையும் தொடவில்லையே?

நீங்கள் தொடவில்லை, அப்டேட் தொட்டிருக்கிறது. விர்ச்சுவல்பாக்ஸ் வெறும் சன்னல் நிரல் அல்ல. அதன் வேலையில் பாதி, வீபாக்ஸ்டிஆர்வி என்ற கர்னல் மாட்யூலுக்குள் நடக்கிறது (கர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி, மாட்யூல் அதோடு ஒட்டிக்கொள்ளும் துணைத் துண்டு). இந்த மாட்யூல் லினக்ஸ் கர்னலோடு சேர்ந்து வருவதில்லை. வெளியிலிருந்து வந்து, உங்கள் கணினியில் இப்போது ஓடும் கர்னலின் பதிப்புக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் கம்பைல் ஆக, அதாவது மூல நிரலிலிருந்து உருவாக வேண்டும். கர்னல் மாறினால் பழைய சட்டை சேராது.

தானாகத் தைத்துக்கொள்ள டிகேஎம்எஸ் என்ற ஏற்பாடு இருக்கிறது. உபுண்டுவின் சொந்தக் களஞ்சியத்திலிருந்து நிறுவியிருந்தால் அது கூடவே வந்திருக்கும். ஆனால் டிகேஎம்எஸ் வேலை செய்யப் புதிய கர்னலின் ஹெடர் கோப்புகள் (தைக்கத் தேவையான அளவுக் குறிப்புகள் என்று வையுங்கள்) வேண்டும். பத்தில் ஏழெட்டு முறை நான் பார்ப்பது இதைத்தான்: கர்னல் வந்துவிட்டது, ஹெடர் வரவில்லை.

ஆகவே முதலில் யூநேம் கட்டளையை மைனஸ் ஆர் போட்டு ஓட்டி, ஓடுகிற கர்னலின் பதிப்பைப் பாருங்கள். அதே எண்ணுள்ள லினக்ஸ் ஹெடர்ஸ் பேக்கேஜ் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் நிறுவுங்கள். கம்பைல் செய்யும் கருவிகளான ஜிசிசி, மேக் இரண்டும் வேண்டும். அப்புறம், விர்ச்சுவல்பாக்ஸை வெளியிடும் ஆரக்கிளின் தளத்திலிருந்து நேரடியாக நிறுவியவர்கள் வீபாக்ஸ்கான்ஃபிக் கட்டளையை சூடோ (நிர்வாகி உரிமை தரும் முன்சொல்) போட்டு ஓட்டவும். உபுண்டு களஞ்சியத்திலிருந்து நிறுவியவர்கள் விர்ச்சுவல்பாக்ஸ் டிகேஎம்எஸ் பேக்கேஜை டிபிகேஜி ரீகான்ஃபிகர் மூலம் மறுபடி அமைக்கவும். கடைசியாக மோட்ப்ரோப் கட்டளையால் வீபாக்ஸ்டிஆர்வி மாட்யூலை ஏற்றிப் பாருங்கள். எதுவும் சொல்லாமல் அடுத்த வரிக்கு வந்தால் வேலை முடிந்தது.

ஹெடரும் இருந்து, கம்பைல் மட்டும் பிழையோடு நின்றால், உங்கள் கர்னல் விர்ச்சுவல்பாக்ஸின் பதிப்பைவிடப் புதியது என்று அர்த்தம். கர்னலுக்குள் இருக்கும் செயற்கூறுகள் பதிப்புக்குப் பதிப்பு மாறும். விர்ச்சுவல்பாக்ஸ் அதைத் துரத்திப் பிடிக்கச் சில வாரங்கள் ஆகலாம். அதுவரை கணினியைத் தொடங்கும்போது கிரப் பட்டியலில் முந்தைய கர்னலைத் தேர்ந்தெடுத்து வேலையைப் பாருங்கள். ஆர்ச் போல நாள்தோறும் புதுசு வாங்கும் லினக்ஸ் வைத்திருப்பவர்கள், எல்டிஎஸ் கர்னல் (நீண்ட காலம் பராமரிக்கப்படும் பதிப்பு) ஒன்றைக் கூடவே நிறுவிவைப்பது புத்திசாலித்தனம்.

களஞ்சியத்திலிருந்து ஒன்று, ஆரக்கிள் தளத்திலிருந்து ஒன்று என்று இரண்டையும் கலந்து நிறுவியிருந்தால் மேலே சொன்னது எதுவும் ஒழுங்காக நடக்காது. ஒன்றை முழுக்க நீக்குங்கள். கெஸ்ட் இயந்திரங்கள் உங்கள் ஹோம் கோப்புறையில் பத்திரமாக இருக்கும். நிரலை நீக்கினால் அவை போகாது.

மாட்யூல் கம்பைல் ஆகிவிட்டது. ஏற்றப் போனால் "கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்" என்கிறது.

செக்யூர் பூட் இயங்குகிறது. அது இயங்கும் கணினியில், நம்பகமான சாவியால் கையெழுத்திடப்படாத மாட்யூலை கர்னல் உள்ளே விடாது. பழைய கர்னல்களில் இதே தகவல் "ரிக்வயர்டு கீ நாட் அவைலபிள்" என்று வரும். உங்கள் கணினியிலேயே கம்பைல் செய்த மாட்யூலுக்குக் கையெழுத்துப் போட உங்களுடைய சாவி ஒன்று வேண்டும். அதை அந்தக் கணினி ஏற்றுக்கொள்ளவும் வேண்டும். அந்தச் சாவிக்கு மோக் என்று பெயர்.

உபுண்டு இந்த வேலையை ஓரளவு தானே செய்துகொடுக்கிறது. நிறுவும்போது நடுவில் ஒரு ஊதா நிறப் பெட்டி வந்து கடவுச்சொல் கேட்டதே, நினைவிருக்கிறதா? பலர் அதை லாகின் கடவுச்சொல் என்று நினைத்து ஏதோ அடித்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். அது ஒரே ஒரு முறை பயன்படும் சொல். கணினியை மறுபடி தொடங்கும்போது, லினக்ஸ் வருவதற்கு முன்னால் ஒரு நீலத் திரை வரும். ஏதாவது ஒரு விசையைத் தட்டச் சொல்லிப் பத்து வினாடி காத்திருக்கும். அந்தப் பத்து வினாடிக்குள் தட்டி, என்ரோல் மோக் என்பதைத் தேர்ந்தெடுத்து, அந்தச் சொல்லைக் கொடுத்தால்தான் சாவி பதிவாகும். நீங்கள் காபி எடுக்கப் போயிருந்தால் திரை தானே போய்விடும், சாவியும் பதிவாகாது.

தவறவிட்டிருந்தால் கவலை இல்லை. மோக்யூட்டில் கட்டளையில் இம்போர்ட் என்று சொல்லி, சாவிக் கோப்பைக் காட்டினால் மறுபடி அதே சடங்கு நடக்கும். உபுண்டுவில் அந்தச் சாவி வார் லிப் கோப்புறைக்குள், ஷிம் சைன்டு என்பதற்குள், மோக் என்ற கோப்புறையில் இருக்கும். நீலத் திரை அமெரிக்க விசைப்பலகை அமைப்பை மட்டும் அறியும். அதனால் கடவுச்சொல்லில் விசித்திரக் குறிகள் வேண்டாம், எண்ணும் சிறிய எழுத்தும் போதும்.

செக்யூர் பூட்டையே பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை) அணைத்துவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். அணைக்கலாம், வேலை செய்யும். ஆனால் அதே கணினியில் விண்டோஸும் பக்கத்தில் இருந்து, அதில் பிட்லாக்கர் என்ற வட்டுப் பூட்டு போட்டிருந்தால், அடுத்த முறை விண்டோஸ் மீட்புச் சாவி கேட்டு நிற்கலாம். பத்து நிமிடம் செலவழித்து மோக் வழியிலேயே போங்கள்.

"விடி எக்ஸ் இஸ் டிசேபிள்டு இன் தி பயாஸ்" என்கிறது. 64-பிட் விண்டோஸுக்கான வாய்ப்பே பட்டியலில் வரவில்லை.

இரண்டும் ஒரே நோயின் அறிகுறிகள். பிராசசரில் இருக்கும் மெய்நிகராக்க வசதி பயாஸில் அணைந்திருக்கிறது. இன்டெல் என்றால் விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி என்றோ விடி எக்ஸ் என்றோ இருக்கும். ஏஎம்டி என்றால் எஸ்விஎம் மோடு. சில மதர்போர்டுகளில் இதை ஓவர்கிளாக்கிங் பக்கத்தில் ஒளித்துவைத்திருப்பார்கள், ஏனென்று கேட்காதீர்கள். இயக்கிய பிறகு ரீஸ்டார்ட் மட்டும் செய்யாமல், முழுவதும் அணைத்து ஒரு முறை இயக்குங்கள். லினக்ஸுக்குள் வந்து எல்எஸ்சிபியு கட்டளை கொடுத்தால், விர்ச்சுவலைசேஷன் என்ற வரியில் விடி எக்ஸ் அல்லது ஏஎம்டி வி என்று வர வேண்டும்.

இந்த வசதியே இல்லாத மிகப் பழைய பிராசசர் என்றால், விர்ச்சுவல்பாக்ஸ் 6.1 முதல் வழியில்லை. முன்பு மென்பொருளாலேயே சமாளிக்கும் ஒரு முறை இருந்தது, 2019 டிசம்பரில் வந்த அந்தப் பதிப்பில் எடுத்துவிட்டார்கள்.

பயாஸில் எல்லாம் சரி. ஆனால் "வேறொரு ஹைப்பர்வைசர் விடி எக்ஸைப் பயன்படுத்துகிறது" என்ற பொருளில் பிழை வருகிறது. நான் வேறு எதையும் நிறுவவே இல்லை.

உண்மைதான், நீங்கள் நிறுவவில்லை. லினக்ஸ் கர்னலுக்குள்ளேயே கேவிஎம் என்ற ஹைப்பர்வைசர் (விர்ச்சுவல்பாக்ஸைப் போலவே கெஸ்டை ஓட்டும் நிரல்) 2007 முதல் இருக்கிறது. இத்தனை வருடம் அது மாட்யூலாக ஏறி உட்கார்ந்திருந்தாலும், யாராவது கெஸ்ட் ஒன்றைத் தொடங்கும்வரை பிராசசரின் வசதியைக் கையில் எடுக்காது. விர்ச்சுவல்பாக்ஸும் கேவிஎம்மும் ஒரே வீட்டில், ஒருவர் சமைக்கும்போது மற்றவர் அடுப்படிக்கு வராமல், நல்லபடியாக இருந்தார்கள்.

2024 நவம்பரில் வந்த 6.12 கர்னலில் இந்த ஏற்பாடு மாறியது. கேவிஎம் மாட்யூல் ஏறியவுடனேயே வசதியை இயக்கிப் பிடித்துக்கொள்கிறது. கேவிஎம் பயனர்களுக்கு இதனால் கெஸ்ட் சற்று வேகமாகத் தொடங்கும். விர்ச்சுவல்பாக்ஸுக்கோ கதவு சாத்தியிருக்கும். உபுண்டு 24.04 முதலில் 6.8 கர்னலோடு வந்தது, அப்போது யாருக்கும் தெரியவில்லை. 24.04.3 வெளியீட்டில் கர்னல் 6.14 ஆனதும், அதே உபுண்டுவை வைத்திருந்தவர்கள் திடீரென்று இந்தப் பிழையைப் பார்த்தார்கள்.

அவசரத்துக்கு, மோட்ப்ரோப் கட்டளையில் மைனஸ் ஆர் போட்டு, இன்டெல் என்றால் கேவிஎம் இன்டெல், ஏஎம்டி என்றால் கேவிஎம் ஏஎம்டி மாட்யூலை இறக்கிவிடுங்கள். அடுத்த ரீஸ்டார்ட் வரை தாங்கும். நிரந்தரமாக வேண்டுமென்றால் கிரப் அமைப்புக் கோப்பில், கர்னலுக்குக் கொடுக்கும் வரியில், கேவிஎம் என்று எழுதி ஒரு புள்ளி வைத்து எனேபிள் விர்ட் அட் லோட் என்ற அமைப்பை (சொற்களுக்கு நடுவில் அடிக்கோடு) 0 என்று ஆக்குங்கள். பிறகு அப்டேட் கிரப் ஓட்டி ரீஸ்டார்ட். பழைய ஏற்பாடு திரும்பிவிடும்.

கேவிஎம் மாட்யூலையே தடைப் பட்டியலில் போடச் சொல்லும் அறிவுரையும் கிடைக்கும். ஆண்ட்ராய்டு எமுலேட்டர் பயன்படுத்துபவர்கள் அதைச் செய்யாதீர்கள். அது கேவிஎம்மை நம்பித்தான் ஓடுகிறது.

சூடோ போட்டு விர்ச்சுவல்பாக்ஸைத் திறந்தால் சில பிழைகள் மறைகின்றனவே, அப்படியே வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. ரூட் பயனராக, அதாவது முழு நிர்வாகியாகத் திறந்தால் உங்கள் இயந்திரங்களின் பட்டியலே தெரியாது. அது ரூட்டுக்கான வேறொரு பட்டியல். அங்கிருந்து உங்கள் கோப்புகளைத் திறந்து ஒரு முறை சேமித்துவிட்டால் அவற்றின் உரிமை ரூட்டுக்குப் போய்விடும். அடுத்த நாள் சாதாரணமாகத் திறக்கும்போது "அனுமதி இல்லை" என்று வரும். ஏற்கெனவே செய்துவிட்டவர்கள் சிஹெச்ஓன் கட்டளையால் அந்தக் கோப்புறை முழுவதையும் தங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளவும்.

யூஎஸ்பி டோக்கனைச் செருகினால் கெஸ்டுக்குள் வரவில்லை. பட்டியலில் எதுவுமே இல்லை என்கிறது.

பட்டியல் முழுக்கக் காலியாக இருந்தால் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: உங்கள் பயனர் பெயர் வீபாக்ஸ்யூசர்ஸ் என்ற குழுவில் இல்லை. யூசர்மாட் கட்டளையால் சேருங்கள். மைனஸ் ஏ, ஜி இரண்டையும் சேர்த்தே கொடுக்க வேண்டும் (ஜி பெரிய எழுத்து). ஏ என்பதை விட்டுவிட்டால் மற்ற குழுக்களிலிருந்து உங்களை நீக்கிவிடும், அதில் சூடோ குழுவும் அடக்கம். அப்புறம் அந்தத் தலைவலி தனி. சேர்த்த பிறகு லாக் அவுட் செய்து உள்ளே வர வேண்டும். சன்னலை மட்டும் மூடித் திறந்தால் போதாது.

பட்டியலில் டோக்கன் தெரிகிறது, ஆனால் மங்கலாக இருக்கிறது அல்லது தேர்ந்தெடுத்ததும் பிழை வருகிறது என்றால், ஹோஸ்ட் அதைப் பிடித்துவைத்திருக்கிறது. கையொப்ப டோக்கன்களுக்கு லினக்ஸில் பிசிஎஸ்சிடி என்ற சேவை இருக்கும். அதை நிறுத்திவிட்டு, டோக்கனைப் பிடுங்கி மறுபடி செருகுங்கள். அடிக்கடி பயன்படுத்துபவர்கள் இயந்திரத்தின் அமைப்பில் அந்தச் சாதனத்துக்கு ஒரு ஃபில்ட்டர் போட்டுவைத்தால், செருகியதும் நேராகக் கெஸ்டுக்கே போகும்.

யூஎஸ்பி 2, 3 வேலை செய்ய எக்ஸ்டென்ஷன் பேக் வேண்டும் என்று பழைய குறிப்புகளில் படித்திருப்பீர்கள். 2022 அக்டோபரில் வந்த 7.0 முதல் அவை அடிப்படைத் தொகுப்பிலேயே இருக்கின்றன. எக்ஸ்டென்ஷன் பேக்கின் உரிமம் தனிப்பட்ட பயனுக்கும் கல்விக்கும்தான் இலவசம். அலுவலகத்தில் யோசிக்காமல் நிறுவ வேண்டாம். நிறுவினால் அதன் பதிப்பு எண் விர்ச்சுவல்பாக்ஸின் எண்ணோடு ஒத்திருக்க வேண்டும்.

திரை தபால்தலை அளவுக்கு இருக்கிறது. சன்னலை இழுத்தாலும் பெரிதாகவில்லை.

கெஸ்டுக்குள் கெஸ்ட் அடிஷன்ஸ் என்ற துணை நிரல் தொகுப்பை நிறுவவில்லை, அல்லது நிறுவியது கெஸ்டின் புதிய கர்னலோடு ஒத்துப்போகவில்லை. டிவைசஸ் மெனுவில் கெஸ்ட் அடிஷன்ஸ் குறுவட்டைச் செருகும் வரியைச் சொடுக்கி, கெஸ்டுக்குள் போய் நிறுவுங்கள். லினக்ஸ் கெஸ்ட் என்றால் அதற்குள்ளும் ஹெடர், ஜிசிசி, மேக் எல்லாம் வேண்டும். மேலே ஹோஸ்டுக்குச் சொன்ன கதை உள்ளேயும் ஒரு முறை.

நிறுவியும் சரியாகவில்லையா, கிராஃபிக்ஸ் கன்ட்ரோலரைப் பாருங்கள். லினக்ஸ் கெஸ்டுக்கு விஎம்எஸ்விஜிஏ, விண்டோஸ் 7-உம் அதற்குப் பிந்தையவையும் என்றால் வீபாக்ஸ்எஸ்விஜிஏ, எக்ஸ்பி போன்ற கிழவர்களுக்கு வீபாக்ஸ்விஜிஏ. வீடியோ மெமரியை 128 எம்பிக்கு ஏற்றுங்கள். திரை கறுப்பாகி மினுமினுத்தால் 3டி வசதியை அணைத்துவிட்டுப் பார்க்கவும்.

காப்பி பேஸ்ட்டும் பகிர்வுக் கோப்புறையும்?

காப்பி பேஸ்ட்டுக்கு அடிஷன்ஸ் இருந்தால் மட்டும் போதாது, டிவைசஸ் மெனுவில் ஷேர்டு கிளிப்போர்டை இருபக்கமாக்கவும் வேண்டும். கெஸ்ட் லினக்ஸ் வேலேண்ட் என்ற புதிய திரை அமைப்பில் ஓடினால் பழைய விர்ச்சுவல்பாக்ஸில் இது நடக்காது. 7.1 பதிப்பில்தான் வேலேண்டுக்கான கிளிப்போர்டு ஆதரவு வந்தது. அதற்கு முந்தையது என்றால் லாகின் திரையில் பழைய அமைப்பான எக்ஸ் ஆர்க் அமர்வைத் தேர்ந்தெடுங்கள்.

பகிர்வுக் கோப்புறை கண்ணுக்குத் தெரிந்து, திறந்தால் அனுமதி இல்லை என்றால், லினக்ஸ் கெஸ்டுக்குள் உங்கள் பெயரை வீபாக்ஸ்எஸ்எஃப் குழுவில் சேர்க்கவும். முன்பு ஹோஸ்டில் சேர்த்த குழு வேறு, இது வேறு.

கெஸ்டுக்குள் இணையம் வருகிறது. ஆனால் ஹோஸ்டிலிருந்து கெஸ்டை அடைய முடியவில்லை.

இது கோளாறு அல்ல, நேட் என்ற நெட்வொர்க் முறையின் இயல்பே அதுதான். நேட்டில் ஒவ்வொரு கெஸ்டும் தனித் தீவு. எல்லாவற்றுக்கும் 10.0.2.15 என்ற அதே முகவரி கிடைக்கும், ஒன்றை ஒன்று பார்க்காது. கெஸ்டில் ஓடும் எஸ்எஸ்ஹெச் என்ற தொலைவழி லாகின் சேவைக்குப் போக வேண்டும் என்றால் போர்ட் ஃபார்வர்டிங்கில் ஹோஸ்டின் 2222-ஐ கெஸ்டின் 22-க்குத் திருப்பிவிடுங்கள். ஹோஸ்ட் பக்கத்தில் 1024-க்குக் கீழுள்ள எண்ணைப் போட்டால் சாதாரணப் பயனருக்கு லினக்ஸ் அனுமதி தராது. கெஸ்டுகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டும் என்றால் நேட் நெட்வொர்க் என்று தனியாக ஒன்று இருக்கிறது, பெயர்தான் குழப்பும்.

பிரிட்ஜ்டு முறையில் கெஸ்டுக்கு உங்கள் ரவுட்டரே முகவரி கொடுக்கும். கேபிளில் அழகாக வேலை செய்யும். வைஃபையில் சில சமயம் செய்யும், சில சமயம் செய்யாது. வைஃபை ரவுட்டர், தன்னிடம் பதிவான கருவியின் மேக் முகவரியைத் தவிர வேறு எதையும் ஏற்காது. விர்ச்சுவல்பாக்ஸ் நடுவில் முகவரியை மாற்றிக்காட்டிச் சமாளிக்கிறது. அது ஏமாறாத ரவுட்டரிடம் மல்லுக்கட்டாமல் நேட்டுக்குத் திரும்புங்கள்.

ஹோஸ்டும் கெஸ்டும் மட்டும் பேசிக்கொள்ளும் ஹோஸ்ட் ஒன்லி முறையில் உங்களுக்குப் பிடித்த முகவரியைக் கொடுத்தால் "அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள் இல்லை" என்று வரும். 6.1.28 பதிப்பிலிருந்து 192.168.56.0 முதல் 192.168.63.255 வரைதான் இயல்பாக அனுமதி. வேறு வேண்டுமென்றால் ஈடிசி கோப்புறைக்குள் வீபாக்ஸ் என்ற கோப்புறையை உருவாக்கி, நெட்வொர்க்ஸ் டாட் கான்ஃப் என்ற கோப்பில் ஒரு நட்சத்திரக் குறி, ஓர் இடைவெளி, உங்கள் வரம்பு என்று ஒரே வரி எழுதுங்கள். நட்சத்திரம் இல்லாமல் எழுதிவிட்டு அரைநாள் தேடியவன் நான்.

"நோ பூட்டபிள் மீடியம் ஃபவுண்ட்" என்று வந்து நிற்கிறது.

ஐஎஸ்ஓ கோப்பை (நிறுவல் வட்டின் நகல்) இணைக்க மறந்திருப்பீர்கள், அல்லது நிறுவி முடிந்ததும் ஐஎஸ்ஓவோடு சேர்த்து வட்டையும் நீக்கியிருப்பீர்கள். இரண்டும் இல்லையென்றால் இயந்திர அமைப்பில் இஎஃப்ஐ (பழைய பயாஸுக்குப் பதிலான தொடக்க முறை) டிக்கைப் பாருங்கள். எந்த முறையில் நிறுவினீர்களோ அதே முறையில்தான் பூட் ஆகும்.

விண்டோஸ் 11 நிறுவ மறுக்கிறது.

டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லைக் கேட்கிறது. விர்ச்சுவல்பாக்ஸ் 7.0 முதல் இயந்திர அமைப்பிலேயே மெய்நிகர் டிபிஎம் இருக்கிறது. அதையும் இஎஃப்ஐயையும் செக்யூர் பூட்டையும் இயக்கி, 4 ஜிபி ராம், 64 ஜிபி வட்டு கொடுங்கள்.

எல்லாம் ஓடுகிறது, ஆனால் நத்தை வேகம்.

ராம் அதிகம் கொடுத்தால் வேகம் வரும் என்று 8 ஜிபி கணினியில் கெஸ்டுக்கு 6 ஜிபி கொடுப்பவர்கள் உண்டு. ஹோஸ்ட் மூச்சுத்திணறி, ராமுக்குப் பதில் வட்டைப் பயன்படுத்தும் ஸ்வாப்பில் இறங்கும், அப்புறம் இரண்டுமே தவழும். பாதிக்கு மேல் கொடுக்காதீர்கள். பிராசசரிலும் அப்படித்தான். நிஜக் கோர்களின் எண்ணிக்கையைத் தாண்டி ஒதுக்கினால் வேகம் குறையும். கெஸ்டின் வட்டுக் கோப்பு சுழலும் ஹார்ட் டிஸ்கில் இருந்தால் அதை எஸ்எஸ்டிக்கு நகர்த்துவது, மற்ற எல்லா வித்தைகளையும் சேர்த்ததைவிடப் பலன் தரும்.

கெஸ்டுக்குள் 20 ஜிபிதான் பயன்படுத்துகிறேன். வெளியே வட்டுக் கோப்பு 60 ஜிபியைத் தின்கிறது. சில நேரம் கெஸ்ட் நடுவில் உறைந்தும் போகிறது.

முதலில் உறைவது. ஹோஸ்டின் வட்டு நிரம்பிவிட்டால் விர்ச்சுவல்பாக்ஸ் கெஸ்டை இடைநிறுத்திவிட்டு, இடம் ஏற்படுத்தித் தொடரச் சொல்லும். பதறிப்போய் சன்னலை மூடாதீர்கள். ஹோஸ்டில் எதையாவது அழித்து இடம் உண்டாக்கி, இடைநிறுத்தத்தை விடுவித்தால் விட்ட இடத்திலிருந்து ஓடும்.

கெஸ்டின் வட்டாக இருக்கும் விடிஐ கோப்பு வளரும், தானாகச் சுருங்காது. கெஸ்டுக்குள் ஒரு கோப்பை அழித்தால், அந்த இடம் காலி என்று கெஸ்டுக்குத்தான் தெரியும். வெளியே இருக்கும் கோப்புக்குப் பழைய எண்கள் இன்னும் எழுதியபடியே தெரியும். அதனால் முதலில் கெஸ்டுக்குள் காலி இடம் முழுவதையும் பூஜ்யத்தால் நிரப்ப வேண்டும்: விண்டோஸில் எஸ்டெலீட் கருவியை மைனஸ் இசட் போட்டு, லினக்ஸில் ஜீரோஃப்ரீ. பிறகு கெஸ்டை அணைத்துவிட்டு, ஹோஸ்டில் வீபாக்ஸ்மேனேஜ் கட்டளையின் மாடிஃபைமீடியம் பிரிவில் காம்பாக்ட் கொடுங்கள். விடிஐ வகைக்குத்தான் இது.

வட்டைப் பெரிதாக்க அதே இடத்தில் ரீசைஸ். எண்ணை எம்பியில் கொடுக்க வேண்டும். அதன் பிறகு கெஸ்டுக்குள் போய்ப் பார்ட்டிஷனையும் நீட்ட வேண்டும், இல்லாவிட்டால் புதிய இடம் கண்ணில் படாது.

இப்போது ஸ்னாப்ஷாட், அதாவது கெஸ்டின் அந்த நேரத்து நிலையைச் சேமித்துவைப்பது. இடம் தின்பவர்களில் பெரிய ஆள் இவர். ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்தால், அதற்குப் பிந்தைய மாற்றமெல்லாம் தனிக் கோப்பில் எழுதப்படும். பழைய கோப்பு அப்படியே அடியில் இருக்கும். ஆறு ஸ்னாப்ஷாட் என்றால் ஒன்றன்மேல் ஒன்றாக ஆறு கோப்புகள், எல்லாம் சேர்ந்தால்தான் ஒரு வட்டு. இது தெரியாத காலத்தில், ஸ்னாப்ஷாட்ஸ் கோப்புறையில் பெரிது பெரிதாகக் கிடந்த கோப்புகளை "பழசுதானே" என்று கைமுறையாக அழித்தேன். எட்டு மாதக் கணக்குக் கோப்புகள் போயின. ஸ்னாப்ஷாட்டை விர்ச்சுவல்பாக்ஸின் சன்னலுக்குள் இருந்துதான் நீக்க வேண்டும். அப்போது அது மாற்றங்களை அடுத்த கோப்போடு இணைக்கும். இணைக்கும் வேலைக்கே இடம் தேவைப்படும் என்பதால், வட்டு நூறு சதவீதம் நிரம்பும்வரை காத்திருக்க வேண்டாம். ஸ்னாப்ஷாட் பேக்கப் அல்ல. அடிக் கோப்பு கெட்டால் மேலே உள்ள அத்தனையும் கெடும்.

கரண்ட் போய் வந்த பிறகு இயந்திரத்தின் பெயருக்குப் பக்கத்தில் "இன்ஆக்சஸிபிள்" என்று காட்டுகிறது.

இயந்திரத்தின் கோப்புறையைத் திறங்கள். வீபாக்ஸ் என்று முடியும் அமைப்புக் கோப்பு பூஜ்ய அளவில் இருக்கும். பக்கத்திலேயே ப்ரெவ் என்று முடியும் இன்னொன்று இருக்கும், அது முந்தைய நிலையின் நகல். கெட்டதை வேறு பெயரில் ஒதுக்கிவிட்டு, ப்ரெவ் கோப்பின் நகலுக்கு அசல் பெயரைக் கொடுத்தால் இயந்திரம் உயிர்த்தெழும்.

வட்டுக் கோப்பை நகலெடுத்து இன்னொரு இயந்திரத்தில் சேர்த்தால் "யூயூஐடி ஏற்கெனவே இருக்கிறது" என்கிறது.

நகல் என்பதால் அடையாள எண்ணும் அப்படியே நகலாகியிருக்கிறது. சாதாரண காப்பிக்குப் பதில் வீபாக்ஸ்மேனேஜின் க்ளோன்மீடியம் மூலம் எடுங்கள், புதிய எண்ணோடு வரும்.

மவுஸ் கெஸ்டுக்குள் மாட்டிக்கொண்டது!

வலப்பக்கக் கன்ட்ரோல் விசை. அது இல்லாத மடிக்கணினி என்றால் ப்ரிஃபரன்சஸில் ஹோஸ்ட் கீயை இப்போதே மாற்றிவையுங்கள்.

மேலே உள்ள எதிலும் அடங்காத பிழை வந்தால்?

லாக் கோப்பு. இயந்திரத்தின் கோப்புறைக்குள் லாக்ஸ் என்ற கோப்புறையில் கடைசி ஓட்டமும் அதற்கு முந்தைய மூன்றும் இருக்கும். கீழேயிருந்து மேலே போங்கள். ஆங்கிலப் பெரிய எழுத்துகளில், வெர் (VERR) என்று தொடங்கும் முதல் சொல்லைத் தேடினால் காரணத்தின் வாலாவது கிடைக்கும். யாரிடமாவது உதவி கேட்கும்போது திரையை போனில் படம் பிடித்து அனுப்பாமல் இந்தக் கோப்பை அனுப்புங்கள். எப்போதாவது "குரு மெடிட்டேஷன்" என்று வந்தால் பயப்பட வேண்டாம். யாரும் தியானத்தில் இல்லை; பழைய அமிகா கணினிகளின் பிழைத் திரையிலிருந்து எடுத்துக்கொண்ட வேடிக்கைப் பெயர் அது. கெஸ்ட் மீள முடியாமல் நின்றுவிட்டது என்று பொருள். அதற்கும் இதே லாக்தான்.

இவ்வளவு பாடு எதற்கு, கேவிஎம்முக்கே மாறிவிடலாமா?

ஒளிவுமறைவில்லாமல் சொன்னால், லினக்ஸ் மட்டுமே ஹோஸ்டாக வைத்திருப்பவர்களுக்கு என் பதில் ஆம். கேவிஎம் கர்னலோடேயே வருவதால் 1908, மோக், ஹெடர் என்ற முதல் பாதித் தலைவலிகள் அங்கே இல்லை. விர்ட் மேனேஜர் என்ற சன்னல் நிரலை நிறுவினால் பார்க்கவும் கிட்டத்தட்ட இதேபோல் இருக்கும். விண்டோஸ், இன்டெல் மேக் எல்லாவற்றிலும் அதே இயந்திரத்தைக் கொண்டுபோக வேண்டியவர்கள் விர்ச்சுவல்பாக்ஸிலேயே இருங்கள். வகுப்பில் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர்களும் அப்படியே.

மாறியவுடன் இரண்டு இடங்களில் தடுக்கும். "டிஃபால்ட் நெட்வொர்க் இயங்கவில்லை" என்று வந்தால் விர்ஷ் கட்டளையில் நெட் ஸ்டார்ட், கூடவே நெட் ஆட்டோஸ்டார்ட் கொடுங்கள். ஹோம் கோப்புறையில் வைத்த ஐஎஸ்ஓவைத் திறக்க அனுமதி இல்லை என்று வந்தால், கெஸ்டை இயக்கும் தனிப் பயனர் கணக்கால் உங்கள் ஹோமுக்குள் நுழைய முடியவில்லை. கோப்பை வார் லிப் கோப்புறைக்குள் லிப்விர்ட்டின் இமேஜஸ் பகுதிக்கு நகர்த்துங்கள்.

பழைய விடிஐ வட்டை கியூஇஎம்யூ இமேஜ் கருவியின் கன்வெர்ட் மூலம் கியூகவ்2 வகைக்கு மாற்றிக்கொள்ளலாம். அதற்கு முன் ஸ்னாப்ஷாட்டுகள் எல்லாவற்றையும் நீக்கி ஒரே கோப்பாக்கிவிடுங்கள். விண்டோஸ் வட்டு என்றால் முதலில் சாட்டா வகையாகவே இணையுங்கள். கேவிஎம்மின் விர்ட்டையோ வகை இணைப்பு வேகமானதுதான், ஆனால் அதன் டிரைவர் உள்ளே இல்லாமல் விண்டோஸ் நீலத் திரையோடு நின்றுவிடும். சாட்டாவில் ஒரு முறை பூட் செய்து, டிரைவரை நிறுவி, பிறகு மாற்றுங்கள். பழைய விடிஐயை மட்டும் ஒரு மாதம் அழிக்காமல் வைத்திருங்கள்.